நெடுந்தொலைவுத் துப்பாக்கித் தொலைநோக்கிகளில் எறியியல் ரெட்டிகிள்

எறியியல் ரெட்டிகிள் என்பது நெடுந்தொலைவு ரைஃபிள்களின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கியின் (ஸ்கோப்) உள்ளே தெரியும் அளவுக்கோடுகளின் தொகுதி ஆகும். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் நிறமாலைமானியின் தொலைநோக்கி வழியே பார்த்தவர்கள் அதிலுள்ள குறுக்குக் கம்பியை அறிவர். ரெட்டிகிளும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். குறுக்குக் கம்பி ஒரே ஒரு புள்ளியைக் காட்டுகிறது. எறியியல் ரெட்டிகிளோ அந்தப் புள்ளிக்குக் கீழும் இருபுறமும் குறிப்பிட்ட இடைவெளியில் கோடுகளையோ புள்ளிகளையோ கொண்டிருக்கிறது. குண்டு புவியீர்ப்பால் எவ்வளவு தாழும், காற்றால் எவ்வளவு விலகும் என்பதற்கேற்பக் குறியை மாற்றிப் பிடிக்க இக்கோடுகள் உதவுகின்றன.

இந்தக் கோடுகள் கோணத்தை மட்டுமே அளக்கின்றன. இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது, தோட்டா எந்த வகை என்பவற்றில் எதுவும் கண்ணாடியில் பொறித்த கோட்டுக்குத் தெரியாது. ரெட்டிகிளைத் தேர்ந்தெடுப்பதிலும் பயன்படுத்துவதிலும் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

தேவை ஏன் எழுந்தது

குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே குண்டு கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், அரை நொடி பறக்கும் குண்டு சுமார் 1.2 மீட்டரும், ஒரு நொடி பறக்கும் குண்டு சுமார் 4.9 மீட்டரும் தாழும். நேரம் இருமடங்கானால் தாழ்வு நான்கு மடங்காகிறது. அதோடு காற்றின் தடையால் குண்டின் வேகமும் குறைந்துகொண்டே வருவதால், தொலைவு கூடக்கூட எறிபாதை மேலும் செங்குத்தாக வளைகிறது. 100 மீட்டரில் குறி சரிபார்த்த துப்பாக்கியின் மையப் புள்ளியை 600 மீட்டரில் உள்ள இலக்கின் மேல் வைத்துச் சுட்டால், குண்டு இலக்கை எட்டும் முன்பே தரையில் பாயும்.

இதை ஈடுசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. தொலைநோக்கியின் மேலுள்ள திருகைத் தேவையான அளவு திருப்பி, மையப் புள்ளியையே இலக்கில் வைப்பது ஒன்று. திருகைத் தொடாமல், ரெட்டிகிளின் கீழ்க்கோடுகளில் பொருத்தமானதை இலக்கின் மேல் வைப்பது மற்றொன்று. முதல் முறை நுட்பமானது, இரண்டாவது விரைவானது. நெடுந்தொலைவுச் சுடுவோர் பலர் தாழ்வுக்குத் திருகையும், நொடிக்கு நொடி மாறும் காற்றுக்கு ரெட்டிகிளையும் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

தொலைநோக்கிக்குள் குறியிழை வைக்கும் எண்ணம் வானியலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்லியம் காஸ்காயின் 1630களின் இறுதியில், தம் தொலைநோக்கிக்குள் சிலந்தி பின்னிய இழை விண்மீனுடன் சேர்ந்து தெளிவாகத் தெரிவதைக் கண்டார். இழை லென்சின் குவியத் தளத்தில் அமைந்திருந்ததே அதற்குக் காரணம். அந்த இடத்தில் இழைகளை வைத்தால் தொலைநோக்கி அளவிடும் கருவியாகிவிடும் என்பதை அவர் உணர்ந்தார். பின்னாளில் துப்பாக்கித் தொலைநோக்கிகளிலும் முடி, சிலந்தி இழை, மெல்லிய உலோகக் கம்பி ஆகியவை குறியிழைகளாகப் பயன்பட்டன. இன்றைய நுணுக்கமான ரெட்டிகிள்கள் கண்ணாடித் தகட்டில் பொறிக்கப்படுகின்றன. ஒன்றோடொன்று தொடாத புள்ளிகளையும் எண்களையும் கம்பியால் அமைக்க முடியாது. கண்ணாடியில் அது எளிது.

1962இல் அமெரிக்காவின் லியூபோல்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய டியூப்ளக்ஸ் ரெட்டிகிளில் வெளிப்புறம் தடித்தும் மையத்தில் மெலிந்தும் உள்ள கோடுகள் இருந்தன. வேட்டைத் தொலைநோக்கிகளில் இன்றும் பரவலாகக் காணப்படும் வடிவம் இதுதான். சோவியத் ஒன்றியத்தில் 1963இல் ஏற்கப்பட்ட டிராகுனோவ் ரைஃபிளின் பி.எஸ்.ஓ.-1 தொலைநோக்கி வேறு திசையில் சென்றது. அதன் மையத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அம்புமுனைக் குறிகளும், இருபுறமும் காற்றுக்கான கோடுகளும், இடது கீழ் மூலையில் 1.7 மீட்டர் உயரத்தை அடிப்படையாகக் கொண்டு தொலைவைக் காட்டும் வளைகோடும் இருந்தன. 1970களின் இறுதியில் அமெரிக்க மரைன் படையினருக்காக உருவான மில்-டாட் ரெட்டிகிள், ஒரு மில் இடைவெளியில் புள்ளிகளை மட்டும் வைத்தது. பி.எஸ்.ஓ.-1 குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கான விடைகளைக் கண்ணாடியில் எழுதித் தந்தது. மில்-டாட் வெறும் அளவுகோலைத் தந்து, கணக்கைச் சுடுபவரிடமே விட்டது. இன்றைய ரெட்டிகிள்கள் அனைத்தும் இந்த இரண்டு போக்குகளில் ஒன்றையோ இரண்டின் கலவையையோ பின்பற்றுகின்றன.

அளவு அலகுகள்

ரெட்டிகிள்களில் இரண்டு கோண அலகுகள் வழக்கில் உள்ளன.

மில் என்பது மில்லிரேடியனின் சுருக்கம். ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில் கோணம் 1000 மீட்டரில் 1 மீட்டரையும், 100 மீட்டரில் 10 சென்டிமீட்டரையும் அடைக்கும். முழு வட்டத்தில் சுமார் 6283 மில்லிரேடியன்கள் உள்ளன. பீரங்கிக் கணக்குகளின் வசதிக்காக நேட்டோ நாடுகள் வட்டத்தை 6400 ஆகவும், சோவியத் படை 6000 ஆகவும் பிரித்தன. எனவே பழைய சோவியத் தொலைநோக்கியின் ஒரு பிரிவு, உண்மையான மில்லிரேடியனைவிட ஏறத்தாழ 5 சதவீதம் பெரியது.

நிமிடக் கோணம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இது 100 கெஜத்தில் 1.047 அங்குலத்தையும், 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டரையும் அடைக்கும். ஒரு மில் 3.438 நிமிடக் கோணத்துக்குச் சமம். நிமிடக் கோணத்தை 100 கெஜத்துக்கு ஓர் அங்குலம் என்று முழு எண்ணாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. குறுகிய தொலைவில் இதனால் பாதிப்பில்லை. ஆனால் 1000 கெஜத்தில் 30 நிமிடம் ஈடுசெய்ய வேண்டியிருந்தால், இரண்டு கணக்குகளுக்கும் இடையே சுமார் 14 அங்குல வேறுபாடு வந்துவிடும்.

இவற்றில் எது சிறந்தது என்ற விவாதம் பழையது. இரண்டுமே கோணங்கள்தான் என்பதால் துல்லியத்தில் உயர்வு தாழ்வு இல்லை. மீட்டரில் சிந்திப்பவருக்கு மில் எளிது. கெஜத்திலும் அங்குலத்திலும் பழகியவருக்கு நிமிடம் எளிது. ரெட்டிகிளும் திருகும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்பதே முதன்மையானது. மில் ரெட்டிகிளுடன் நிமிடத் திருகு கொண்ட தொலைநோக்கிகள் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. அத்தகைய கருவியில் குண்டு 2.5 மில் கீழே விழுந்ததை ரெட்டிகிளில் பார்த்தவர், அதை 3.438ஆல் பெருக்கி 8.6 நிமிடம் எனக் கண்டு, கால் நிமிடத் திருகில் 34 சொடுக்குகள் திருப்ப வேண்டும். இரண்டும் மில்லாக இருந்தால் 2.5 என்பது 0.1 மில் திருகில் 25 சொடுக்குகள். பார்த்த எண்ணே திருப்பும் எண்ணாகிறது.

குவியத் தளம்

உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய தொலைநோக்கிகளில் ரெட்டிகிளை இரண்டு இடங்களில் ஒன்றில் வைக்கலாம். உருப்பெருக்கும் லென்சுத் தொகுதிக்கு முன்னால், பொருளருகு லென்சின் பக்கம் வைத்தால் அது முதற் குவியத் தளம். பின்னால், கண்ணருகு லென்சின் பக்கம் வைத்தால் அது இரண்டாம் குவியத் தளம்.

முதற் தளத்தில் உள்ள ரெட்டிகிள், இலக்கின் உருவத்தோடு சேர்ந்தே பெரிதாகிச் சிறிதாகும். எனவே எந்த உருப்பெருக்கத்திலும் ஒரு மில் என்பது ஒரு மில்தான். ஆனால் குறைந்த உருப்பெருக்கத்தில் கோடுகள் கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மெலிந்துவிடும். மிகையான உருப்பெருக்கத்தில் தடித்துத் தெரியும்.

இரண்டாம் தளத்தில் உள்ள ரெட்டிகிள் எப்போதும் ஒரே அளவில், ஒரே தடிமனில் தெரியும். இலக்கின் உருவம் மட்டுமே மாறும். அதனால் கோடுகளின் அளவு ஒரே ஓர் உருப்பெருக்கத்தில், பெரும்பாலும் உச்ச அளவில், மட்டுமே உண்மையாகும். 6 முதல் 24 மடங்கு வரை பெருக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். 500 மீட்டரில் உள்ள 1 மீட்டர் உயரப் பலகை, 24 மடங்கில் இரண்டு பிரிவுகளை அடைக்கும். 12 மடங்குக்குக் குறைத்தால் அதே பலகை ஒரு பிரிவை மட்டுமே அடைக்கும். உருப்பெருக்கத்தைக் கவனிக்காதவர் அதை ஒரு மில் என வாசித்து, பலகை 1000 மீட்டரில் இருப்பதாகக் கணக்கிடுவார். அதே நிலையில் மூன்றாம் கோட்டை இலக்கில் வைத்தால், 3 மில்லுக்குப் பதிலாக 6 மில் உயர்த்திப் பிடித்ததாகும்.

ரெட்டிகிள் வகைகள்

முதல் வகை, தாழ்வு ஈடுசெய் ரெட்டிகிள். இதன் கோடுகள் 200, 300, 400, 500 என்று தொலைவுகளைக் குறிக்கும். விரைவாகக் கற்கலாம், கணக்கு தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கோட்டின் பின்னும் சில அனுமானங்கள் மறைந்திருக்கின்றன: குறிப்பிட்ட எடையும் வடிவமும் கொண்ட குண்டு, குறிப்பிட்ட தொடக்க வேகம், குழலுக்கு மேல் தொலைநோக்கியின் குறிப்பிட்ட உயரம், குறிப்பிட்ட காற்று அடர்த்தி. இவற்றில் எது மாறினாலும் எண் பொய்யாகும். கடல் மட்டத்தைவிட 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 18 சதவீதம் குறைவு. அங்கே அதே குண்டு குறைவாகவே தாழும். 400 என்று எழுதிய கோடு ஒருவரின் துப்பாக்கியில் உண்மையில் 380க்கோ 430க்கோ பொருந்தலாம். இதைக் கண்டறிந்து எழுதிவைத்துக்கொண்டால், இவ்வகை ரெட்டிகிளும் நம்பகமாகப் பயன்படும்.

இரண்டாவது வகை, சீரான அளவுகோல் ரெட்டிகிள். மில்-டாட்டும், அரை மில் அல்லது 0.2 மில் இடைவெளியில் சிறுகோடுகள் கொண்ட அதன் வாரிசுகளும் இதில் அடங்கும். எந்தத் தோட்டாவுக்கும் எந்த உயரத்துக்கும் பொருந்தும். ஆனால் உரிய அட்டவணை கையில் இல்லாதவருக்கு இவை வெறும் கோடுகளே.

மூன்றாவது வகை, மர வடிவ ரெட்டிகிள். மையத்துக்குக் கீழே, இறங்க இறங்க அகலமாகும் புள்ளி வரிசைகள் இருக்கும். கிறிஸ்துமஸ் மரத்தை ஒத்திருப்பதால் இப்பெயர். தாழ்வையும் காற்றையும் ஒரே நேரத்தில், திருகைத் தொடாமல் பிடிக்கலாம். பார்வைப் புலத்தின் கீழ்ப்பாதி நெருக்கமாகிவிடுவது இதன் குறை. தவறிய குண்டு கிளப்பும் தூசியும் அந்தப் புள்ளிக் கூட்டத்துக்குள் மறையக்கூடும்.

தேர்வு செய்யும் முறை

எத்தனை தொலைவு என்பதைவிட, அத்தொலைவு முன்கூட்டியே தெரியுமா, எவ்வளவு நேரம் கிடைக்கும் என்ற கேள்விகளே தேர்வை முடிவுசெய்கின்றன.

எஃப்-கிளாஸ் போட்டிகளில் தொலைவு அறிவிக்கப்பட்டது, இலக்கு அசையாது. அங்கே மையத்தின் உள்வளையம் அரை நிமிடக் கோண விட்டமே கொண்டது. 1000 கெஜத்தில் அது 13 சென்டிமீட்டர் அளவே. எனவே இலக்கை மறைக்காத மெல்லிய கோடும் சிறு புள்ளியும் போதும். இரண்டாம் குவியத் தளமே வசதி. 0.03 மில் தடிமன் கொண்ட கோடு 1000 மீட்டரில் 3 சென்டிமீட்டரை மறைக்கும் என்பதை ஒப்பிட்டால், இந்த விளையாட்டில் கோட்டின் தடிமன் ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

பிரிசிஷன் ரைஃபிள் சீரீஸ் போன்ற களப் போட்டிகளில், வெவ்வேறு தொலைவுகளில் உள்ள பல எஃகுத் தகடுகளை ஓரிரு நிமிடங்களுக்குள் சுட வேண்டும். அங்கே முதற் குவியத் தளமும், 0.2 மில் பிரிவுகளும், பலருக்கு மர வடிவமும் கைகொடுக்கின்றன.

வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், பெரும்பாலான வேட்டைச் சுடல்கள் குறுகிய தொலைவிலேயே நிகழ்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் தெரியும் தடித்த வெளிக்கோடுகளும், தேவையானால் ஒளியூட்டிய மையமும், ஓரிரண்டு கீழ்க்கோடுகளும் போதும். இங்கே பிழையின் விலை புள்ளிப் பட்டியலில் ஓர் எண் அல்ல. காயத்துடன் தப்பி நெடுநேரம் துன்புறும் விலங்கு. ரெட்டிகிளில் 800 வரை கோடு இருப்பது 800 மீட்டரில் சுடலாம் என்பதற்கான அனுமதி ஆகாது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளது. ஒலிம்பிக் ரைஃபிள் பிரிவுகளிலும் தொலைநோக்கிகளுக்கு இடமில்லை.

பயன்படுத்தும் முறை

முதல் வேலை, கருவியைச் சோதிப்பது. சரியாக 100 மீட்டரில் அளவு நாடா ஒன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, தோட்டா இல்லாத துப்பாக்கியை அசையாமல் நிறுத்தி, 10 மில் கோடுகள் 100 சென்டிமீட்டரை அடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் குவியத் தளக் கருவியாயின், எந்த உருப்பெருக்கத்தில் இது பொருந்துகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, குறி சரிபார்த்தபின் எறிபாதை அட்டவணையைத் தயாரிப்பது. குண்டின் தொடக்க வேகத்தை வேகமானியால் அளந்து, கணிப்புச் செயலியில் இட்டு, கிடைத்த எண்களை உண்மையான தொலைவுகளில் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். செயலி தருவது மதிப்பீடே. இலக்குத் தாளில் விழுந்த துளையே தீர்ப்பு.

ரெட்டிகிளால் தொலைவைக் கணிக்க, இலக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து 1000ஆல் பெருக்கி, அது அடைக்கும் மில்லால் வகுக்க வேண்டும். அரை மீட்டர் உயரத் தகடு 1 மில்லை அடைத்தால் தொலைவு 500 மீட்டர். அதை 0.9 என வாசித்தால் 556 மீட்டர், 1.1 என வாசித்தால் 455 மீட்டர். பத்தில் ஒரு மில் வாசிப்புப் பிழை ஏறத்தாழ 50 மீட்டர் பிழையாகிறது. இலக்கின் உயரம் பற்றிய ஊகம் தவறினால் பிழை இன்னும் பெருகும். ஆகவே லேசர் தொலைவுமானி இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதே முறை. ரெட்டிகிள் கணிப்பு அதற்கான மாற்று ஏற்பாடு மட்டுமே.

உயர்த்திப் பிடிப்பதில் தொடக்கநிலையினர் குழம்புவது திசையில்தான். குண்டு விழவிருக்கும் இடத்தைக் காட்டும் கோடு எதுவோ அதை இலக்கின் மேல் வைக்க வேண்டும். அட்டவணை 3.8 மில் தாழ்வு என்றால், மையத்துக்குக் கீழே 3.8 அளவுள்ள இடம் இலக்கில் அமர வேண்டும். இடப்பக்கமிருந்து வீசும் காற்று குண்டை வலப்பக்கம் தள்ளும்; எனவே வலப்பக்கக் கோடு இலக்கின் மேல் வர வேண்டும். காற்று குறுக்காக வீசும்போது விலகல் முழு அளவு. சுடும் திசைக்கு 30 பாகையில் வீசினால் அதில் பாதி; 45 பாகையில் சுமார் 70 சதவீதம்.

துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்துவிடக் கூடாது. 10 மில் உயர்த்திப் பிடிக்கும்போது 3 பாகை சாய்வு இருந்தால், குண்டு 0.52 மில் பக்கவாட்டில் விலகும். 1000 மீட்டரில் அது 52 சென்டிமீட்டர். இதைத் தவிர்க்கத் தொலைநோக்கியின் மேல் சிறிய குமிழி மட்டம் பொருத்துவர். அதேபோல் இடமாறு தோற்றப் பிழையையும் நீக்க வேண்டும். கண்ணைச் சற்றே அசைத்தால் கோடுகள் இலக்கின் மேல் நகர்வதாகத் தெரிந்தால், பக்கத் திருகைச் சரிசெய்ய வேண்டும்.

முதல் குண்டு தவறினாலும் ரெட்டிகிள் பயன்படுகிறது. இலக்குக்கு வலப்புறம் 0.6 மில், கீழே 0.3 மில்லில் தூசி கிளம்பினால், அந்த எண்ணே அடுத்த சுடலுக்கான திருத்தம். சென்டிமீட்டராக மாற்றத் தேவையில்லை.

பாதுகாப்பு

துப்பாக்கித் தொலைநோக்கியை வேடிக்கை பார்க்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. அது நோக்கும் இடத்தை நோக்கியே குழலும் இருக்கும். தேடிப் பார்க்கவும் அடையாளம் காணவும் இருகண் நோக்கியையே பயன்படுத்த வேண்டும். இலக்கைத் தவறவிடும் குண்டைத் தடுத்து நிறுத்தும் மண்மேடு பின்னால் உள்ளதா என்பதையும் ரெட்டிகிளின் எந்தக் கோடும் சொல்லாது. நெடுந்தொலைவு ரைஃபிள் குண்டு பல கிலோமீட்டர் பறக்க வல்லது. தொலைவு, காற்று, பின்புலம் ஆகியவற்றில் ஒன்று உறுதியாகத் தெரியாவிட்டாலும், சுடாமல் இருப்பதே சரியான முடிவு.